ஜெர்மன் சிஸ்டரின் நோட்டுப் புத்தகம்

இக்கல்வியாண்டின் தொடக்கத்தில், ஜூன் மாதம், எங்கள் கன்னியர் இல்லத்தின் பழைய மருந்தறையை வெள்ளையடிப்பதற்காகக் காலி செய்தார்கள். பெட்டிகளைத் தூக்கி வைக்கப் பிள்ளைகள் வேண்டும் என்று கேட்டு வந்தபோது நாங்கள் நால்வரும் முந்திக்கொண்டு கை தூக்கினோம். சேவை மனப்பான்மையால் அல்ல. அடுத்த பாடவேளையில் கணக்குப் பரீட்சை இருந்தது. எங்கள் கணக்கு ஆசிரியை இதைப் படிக்க நேர்ந்தால் மன்னிப்பார்களாக.

அலமாரியின் அடித்தட்டில், பழைய மருந்துப் புட்டிகளுக்குப் பின்னால், கறுப்பு அட்டை போட்ட நீளமான நோட்டுப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. நடுவில் சில பக்கங்கள் தமிழில் இருந்தன. மற்றதெல்லாம் நாங்கள் கண்டறியாத எழுத்து. கொசுவலைக் கிழிசலைத் தைத்தது போல, மேலும் கீழுமாக ஊசி ஊசியாகக் கோடுகள். ஆங்கிலமும் அன்று, இந்தியும் அன்று. எங்களுள் ஒருத்தி அது உருதுவாக இருக்கும் என்றாள். உருது வலமிருந்து இடமாக அல்லவா போகும் என்று மற்றவள் அவளை மடக்கினாள்.

இல்லத்தின் தாழ்வாரத்தில் எப்போதும் செபமாலையோடு அமர்ந்திருக்கும் எண்பத்தெட்டு வயது சிஸ்டரை இப்பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். நோட்டை அவர்களிடம் கொண்டு போனோம். கையில் வாங்கியதும் அட்டையைத் தடவிப் பார்த்தார்கள்.

"இது எங்க ஜெர்மன் சிஸ்டர் எழுத்து. மருந்தறையில அவங்களுக்கு எடுபிடியா நின்னவதான் நான். 1956-ல கப்பல்ல வந்தாங்க. 1989-ல இங்கேயே அடக்கமானாங்க. இந்த எழுத்தை யாருக்கும் படிக்கத் தெரியாது பிள்ளைகளா. கடைசிப் பக்கத்துல 'தேயோ கிராசியாஸ்'னு லத்தீன்ல இருக்கும் பாருங்க. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். கடவுளுக்கு நன்றின்னு அர்த்தம். எதுக்கு நன்றி சொன்னாங்கங்கிறதுதான் தெரியல. அதுக்கு மேல ஒரு வரி இருக்கு."

பார்த்தோம். இருந்தது. 1976 என்று ஆண்டு போட்டு, மூன்றே சொற்களில் ஒரு வரி. அதன்கீழ் நமக்குத் தெரிந்த ரோமன் எழுத்தில் அந்த லத்தீன் வாழ்த்து.

"யாராவது படிச்சுச் சொன்னா நல்லாயிருக்கும்" என்றார்கள் சிஸ்டர். நாங்கள் படித்துச் சொல்கிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டோம். பதினைந்து வயதில் வாக்குக் கொடுப்பது எவ்வளவு சுலபம்!

எங்கள் கணினி ஆசிரியை நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்கள். ஒரு கையெழுத்தை அறிய வேண்டுமானால் அதை எழுதிப் பார்க்க வேண்டும். நீங்கள் ஏன் இதை ஓர் எழுத்துருவாகச் செய்யக்கூடாது, செப்டம்பரில் வரும் பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமே என்றார்கள். எழுத்துரு என்பது கணினியில் விசையைத் தட்டினால் திரையில் வரும் எழுத்தின் வடிவம். இலவசமாகக் கிடைக்கும் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருளில் அதைச் செய்யலாம். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். மூன்று மாதம் ஆயிற்று.

முதலில் இது என்ன எழுத்து என்று தெரிய வேண்டும் அல்லவா? ஜெர்மானியர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எழுத்தில் இரட்டைக் குடித்தனம் நடத்தியவர்கள். புத்தகத்தில் அச்சாவது ஃபிராக்டூர். கையால் எழுதுவது குர்ரென்ட். ஃபிராக்டூர் என்பது செய்தித்தாள்களின் தலைப்பெழுத்தில் நாம் சில சமயம் காணும், முறிந்து முறிந்து நிற்கும் கறுத்த எழுத்து. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசர் முதலாம் மாக்சிமிலியனின் ஆதரவில் அது வளர்ந்தது. 1517-இல் நியூரம்பர்க்கில் அச்சான 'தாயர்டாங்க்' என்ற அவருடைய நூலில் எழுத்துகள் கொடி வீசிப் படர்ந்திருந்த அழகைக் கண்டு, இவை அச்செழுத்தா அல்லது மரக்கட்டையில் வெட்டியவையா என்று பிற்காலத்தார் ஐயுற்றார்களாம்.

குர்ரென்டோ ஓடும் கையின் எழுத்து. 1911-இல் பிரஷ்ய அரசு, பெர்லின் ஓவியரான லூட்விக் சுட்டர்லின் என்பவரிடம் சிறு பிள்ளைகள் எழுதிப் பழக எளிய கையெழுத்து ஒன்றை வகுத்துத் தரச் சொன்னது. சாய்வைக் குறைத்து, தடித்தும் மெலிந்தும் வரும் கோடுகளை ஒரே பருமனாக்கி, அவர் அமைத்த எழுத்து 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் நுழைந்தது. அவர் 1917-இல் இறந்துவிட்டார். ஆயினும் அவர் பெயரே அந்த எழுத்துக்குப் பெயராகிவிட்டது. எங்கள் ஜெர்மன் சிஸ்டர் சிறுமியாகப் பலகையில் எழுதிப் பழகியது இதுதான்.

பிறகு நடந்ததை வாசித்தபோது எங்களுக்கு வியப்பும் கோபமும் ஒருங்கே வந்தன. ஹிட்லரின் கட்சியினர் முதலில் இவ்வெழுத்துகளே ஜெர்மானியரின் சொந்த எழுத்து என்று தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். பின்பு 1941 ஜனவரி 3-ஆம் நாள், இவற்றை யூத எழுத்து என்று பொய்யாகப் பழி சுமத்தி ஒரு சுற்றறிக்கை விட்டு ஒதுக்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பள்ளிகளுக்கும் ஆணை போயிற்று. இனி ரோமன் எழுத்து மட்டுமே கற்பிக்கப்படும் என்று. ஒரே தலைமுறைக்குள், தாத்தா எழுதிய கடிதத்தைப் பேத்தி படிக்க முடியாமல் போயிற்று. இன்றும் ஹாம்பர்க் நகரில் 'சுட்டர்லின்ஷ்டூபே' என்ற பெயரில் முதியோர் சிலர் கூடி, மக்கள் கொண்டு வரும் பழைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் இக்கால எழுத்தில் பெயர்த்துக் கொடுக்கிறார்கள்.

நோட்டின் தமிழ்ப் பக்கங்களைப் பார்த்து நாங்கள் சற்று அடங்கினோம். அவையும் எங்களைத் திணற வைத்தன. 'லை', 'னை' எல்லாம் தும்பிக்கை வைத்திருந்தன. 'ணா', 'றா' சுருண்டு கிடந்தன. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் எழுதிய பக்கங்கள் அவை. அதற்கும் முன்னால், ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்றைய வடிவத்தைத் தந்து குறில் நெடில் குழப்பம் தீர்த்தவர் இத்தாலியிலிருந்து வந்த நம் வீரமாமுனிவர் என்பதைத் தமிழம்மா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தை மாற்றுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஆனால் தேவை கருதி மாற்றுவது வேறு, வெறுப்பில் மாற்றுவது வேறு.

வேலைக்கு வருவோம். பக்கங்களை ஸ்கேன் செய்து, நல்ல எழுத்துகளாகப் பொறுக்கி, இங்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் கொடுத்தோம். அது படத்தைக் கோட்டுருவமாக மாற்றித் தரும். காகிதத்தின் கறைகளும் புள்ளிகளும் எழுத்தோடு எழுத்தாக வந்து தொலைத்ததால், 'சிறு துணுக்குகளை நீக்கு' என்ற வசதியை மிகவும் கூட்டி வைத்தோம். எல்லாம் பளிச்சென்று சுத்தமாகிவிட்டது. எவ்வளவு மகிழ்ந்தோம்! இந்த இடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அப்படிக் கிடைத்த எழுத்து ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் இருந்தன. கணினியில் எழுத்தின் வளைவு என்பது புள்ளிகளும், ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வளைவை இழுக்கும் இரண்டு பிடிகளும்தான். கோலத்தில் தேவைக்கு மேல் புள்ளி வைத்தால் சிக்குவது போல் இங்கும் வளைவு நெளிந்து போகிறது. ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு, சுத்தம் செய்த அந்தப் படத்தைக் கீழே வைத்து, மிக உயர்ந்த இடம், மிகத் தாழ்ந்த இடம், இடம் வலம் ஆகியவற்றில் மட்டும் புள்ளி வைத்து மறுபடி வரைந்தோம். சுட்டர்லின் கோடு ஒரே பருமன் என்பது எங்களுக்குப் பெரிய உதவி. நடுக்கோட்டை வரைந்துவிட்டால், மென்பொருளே அதைத் தடிமனாக்கிக் கொடுத்துவிடும்.

வரைவதைக் காட்டிலும் சேர்ப்பதே பெரும்பாடு. கையெழுத்தில் ஒரு சொல் முழுவதும் ஒரே இழையாக ஓட வேண்டும். முதல் எழுத்து விட்ட உயரத்தில் அடுத்த எழுத்து பிடிக்க வேண்டும். எங்கள் முதல் முயற்சியில் சொற்கள் பல் விழுந்த வாய் போல இடைவெளியோடு நின்றன. 'ஓ' போன்ற சில எழுத்துகள் மேலேயே முடிந்துவிடுவதால் அவற்றுக்குப் பின் வரும் எழுத்துகளுக்குத் தனி வடிவம் தேவைப்பட்டது. முன்னால் எது வருகிறது என்று பார்த்து வடிவத்தை மாற்றும்படி எழுத்துருவுக்குள்ளேயே கட்டளை எழுதி வைக்க முடிகிறது. இது புதிய தந்திரம் என்று பெருமைப்பட்டுக் கொண்டிருந்தபோது, மைன்ஸ் நகரத்துக் குட்டன்பர்க் 1455-ஐ ஒட்டி விவிலியத்தை அச்சிட ஏறத்தாழ 290 வகை அச்செழுத்துகளை வார்த்தார் என்று ஆசிரியை சொல்லி எங்கள் பெருமையைக் குறைத்தார்கள். ஒரே எழுத்துக்குப் பல அகலங்களும் கூட்டெழுத்துகளும் அவரிடமும் இருந்தனவாம், வரிகள் ஒழுங்காக நிற்பதற்காக.

'எஸ்' எழுத்தின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இவ்வெழுத்து முறையில் அதற்கு இரண்டு வடிவம். சொல்லுக்கு முதலிலும் இடையிலும் நீண்ட எஸ். சொல்லோ சொற்பகுதியோ முடியுமிடத்தில் உருண்டை எஸ். நீண்ட எஸ்ஸுக்கு யூனிகோடிலும் தனி இருப்பிடம் உண்டு. இறுதியில் வந்தால் உருண்டை, மற்ற இடத்தில் நீளம் என்று கட்டளை எழுதிவிட்டு, முடிந்தது வேலை என்று எழுந்துவிட்டோம். முடியவில்லை. ஜெர்மானியர் சொற்களைத் தொடர்வண்டி போலக் கோத்துக்கொண்டே போகிறவர்கள். 'வாக்ஸ்டூப' என்பது போல எழுத்துக் கூட்டுகிற ஒரு சொல் அவர்களிடம் இருக்கிறது. நீண்ட எஸ் போட்டால் அது காவலர் அறை. உருண்டை எஸ் போட்டால் மெழுகுக் குழாய். எங்கே சொல் ஒட்டியிருக்கிறது என்று எழுத்துருவுக்கு எப்படித் தெரியும்? பொருள் அறிந்த மனிதர்தான் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆகவே அந்தக் கட்டளையைப் பாதியாக்கி, மீதியைத் தட்டச்சு செய்பவர் பொறுப்பில் விட்டுவிட்டோம்.

ஜூலை முடிவில் முதல் பக்கத்தைப் படித்தும் விட்டோம். அகராதியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் முயன்று, ஆழ்ந்த தியானம் ஏதோ வரப்போகிறது என்று பயபக்தியோடு காத்திருந்தோம். 'பன்னிரண்டு முட்டை, இரண்டு உடைந்தது' என்று வந்தது. இல்லத்துக் கோழிக் கணக்கு! தாழ்வாரத்துச் சிஸ்டரிடம் சொன்னபோது அவர்கள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். "உடைச்சது நான்தான்" என்றார்கள்.

நோட்டின் பின்னட்டை உட்புறத்தில் இன்னொரு புதையல் இருந்தது. இருபத்து மூன்று விநோதக் குறிகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ரோமன் எழுத்து. மேலே புனித ஹில்டகார்டின் பெயர். நாங்கள் சங்கேத மொழி என்றே எண்ணி, சிஸ்டர் ஏதோ இரகசியம் எழுதியிருக்கிறார்கள் என்று கதை கட்டிவிட்டோம். உண்மை அதைவிடச் சுவையாக இருந்தது.

பிங்கன் நகரத்து ஹில்டகார்ட் 1098-இல் பிறந்து 1179-இல் இறந்த பெனடிக்டின் கன்னியர். ரைன் நதிக்கரையில், ரூபர்ட்ஸ்பெர்க்கில் தாமே மடம் நிறுவித் தலைவியாக இருந்தவர். பாடல் இயற்றினார், மருத்துவம் எழுதினார், காட்சிகள் கண்டார். பேரரசருக்கும் பாப்பரசருக்கும் அஞ்சாமல் கடிதம் எழுதினார். 2012-ஆம் ஆண்டு பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக உறுதி செய்து, அதே அக்டோபரில் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவித்தார். இந்த அம்மையார் தாமாகவே ஒரு மொழிக்குச் சொற்களையும் அதற்கு எழுத்துகளையும் படைத்தார் என்பதுதான் எங்களைத் துள்ள வைத்த செய்தி. 'அறியப்படாத மொழி', 'அறியப்படாத எழுத்துகள்' என்று அவற்றுக்குப் பெயர். ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சொற்கள். கடவுளில் தொடங்கி, வானதூதர், மனிதர், உடல் உறுப்புகள், செடி கொடி, பறவை என்று இறங்கிக்கொண்டே போய்ச் சின்னஞ்சிறு பூச்சிகளில் முடிகிறது பட்டியல். கடவுளுக்கு 'ஐகோன்ஸ்'. தாய்க்கு 'மைஸ்'. எதற்காகப் படைத்தார் என்பதில் அறிஞர்கள் ஒருமித்தாரில்லை. மடத்துக்குள் பேசிக்கொள்ளத்தான் இருக்கும் என்பது எங்கள் கட்சி. விடுதிப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும், மூடிய கதவுக்குள் வாழ்கிறவர்களுக்குத் தனிமொழி தானாக முளைக்கும்.

அந்தச் சொற்பட்டியலைத் தாங்கியிருக்கும் பெரும் சுவடி வீஸ்பாடன் நகர நூலகத்தில் இருக்கிறது. எடை 15 கிலோ! இரண்டாம் உலகப்போரின்போது பாதுகாப்புக்காக அதையும், அவருடைய காட்சிகளை வண்ண ஓவியங்களாகக் கொண்ட இன்னொரு சுவடியையும் டிரெஸ்டன் நகர வங்கி ஒன்றின் அறையில் வைத்தார்கள். பெரும் சுவடி திரும்பி வந்தது. ஓவியச் சுவடி 1945-க்குப் பின் காணவே இல்லை. ஆனால் ஐபிங்கன் மடத்துக் கன்னியர் 1927 முதல் 1933 வரை ஆறாண்டுகள் உட்கார்ந்து, அதை எழுத்துக்கு எழுத்து, வண்ணத்துக்கு வண்ணம் தோலில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். இன்று உலகம் அந்த ஓவியங்களை வண்ணத்தில் காண்பது அந்தச் சகோதரிகளின் கைவேலையில்தான். புள்ளி வைத்து வைத்து எங்களுக்குக் கண் எரிந்த நாட்களில் அவர்களை நினைத்துக்கொண்டோம்.

ஹில்டகார்டின் எழுத்துகளையும் எழுத்துருவாக்க முனைந்தபோது எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் யூனிகோடில் எண் கொடுத்திருக்கிறார்கள். குர்ரென்டுக்குத் தனி எண் இல்லை, தேவையுமில்லை. அது ரோமன் எழுத்தின் வேறொரு வடிவம்தான். ஆனால் ஹில்டகார்டின் எழுத்துகளை எங்கே வைப்பது? படைத்துக்கொண்ட எழுத்துகளுக்காகவும் பிறவற்றுக்காகவும் யாரும் தம் விருப்பப்படி பயன்படுத்த 6400 இடங்களைத் தனியார் பகுதி என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நம் கத்தோலிக்க எழுத்தாளர் டோல்கீன் தம் கதைமாந்தருக்காகப் படைத்த தெங்வார் எழுத்தை ஆர்வலர்கள் அங்கேதான் குடியேற்றி வைத்திருக்கிறார்கள். திரைப்படத்துக்காக உருவான கிளிங்கான் எழுத்து முறையான இடம் கேட்டுப் போய் 2001-இல் மறுக்கப்பட்டது. பெர்னார்ட் ஷாவின் உயிலால் பிறந்த ஷேவியன் எழுத்தோ 2003-இல் உள்ளே நுழைந்துவிட்டது!

எங்களுள் இருவர், புனிதரின் எழுத்து புதிய எழுத்து, ஆகவே தனியார் பகுதியில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். மற்ற இருவர், அவர் ஒவ்வொரு குறிக்கும் கீழே ரோமன் எழுத்தையே போட்டுக் காட்டியிருக்கிறாரே, அந்த இடத்திலேயே வைப்போம் என்றார்கள். தனியார் பகுதியில் வைத்தால், எங்கள் எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரியும். ரோமன் இடத்தில் வைத்தால், எழுத்துரு இல்லாவிட்டாலும் சொல்லையாவது படிக்கலாம். இரண்டு நாள் மதிய உணவைத் தனித்தனியே உண்டோம். கடைசியில் ஒருத்தி, "ஐம்பது வருஷம் கழிச்சு இன்னொருத்தி நம்ம கோப்பைத் திறந்தா கட்டம் கட்டமாவா பார்க்கணும்?" என்று கேட்டாள். அதோடு முடிந்தது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

செப்டம்பர் முதல் வாரத்தில், எழுத்துரு முடியுமுன்பே, அந்தக் கடைசிப் பக்கத்து வரியைப் படித்துவிட்டோம் என்று நினைத்தோம். சுத்தம் செய்த பளிச்சென்ற படத்தை வைத்துக்கொண்டுதான் படித்தோம். முதல் சொல் 'இருபது'. இரண்டாவது 'ஆண்டுகள்'. மூன்றாவதில் எஃப், ஆர் தெளிவாக இருந்தன. இறுதியில் டி, இ இருந்தன. நடுவில் வரிசையாகச் சிறு குத்துக்கோடுகள். இவ்வெழுத்தில் 'இ' என்பது நம் 'என்' போல இரண்டு குத்துக்கோடு. 'எம்' மூன்று கோடு. ஆகவே இடையில் இருப்பது 'இ'யும் 'எம்'மும். அகராதியில் 'ஃபிரெம்டே' என்று கிடைத்தது. அந்நிய நாடு என்று பொருள்.

இருபது ஆண்டுகள் அந்நிய நாடு.

கீழே தேயோ கிராசியாஸ் என்று இருக்கிறதே என்று ஒருத்தி கேட்காமலில்லை. அது கடவுள் சித்தத்துக்குப் பணிந்து சொன்னதாக இருக்கும் என்று நாங்களே விளக்கமும் கூறிக்கொண்டோம். அந்த விளக்கம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது, அது ஒரு சோகக் கதை போல இருந்ததால்.

ஓடிப்போய்த் தாழ்வாரத்தில் சொன்னோம். சிஸ்டர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியா" என்றார்கள். "எங்ககூட இருந்தப்போ நல்லாச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க" என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, செபமாலையை மறுபடி முதல் மணியிலிருந்து எடுத்தார்கள். அதன் பின் ஒரு வாரம் நாங்கள் அந்த வழியே போனபோது நோட்டைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. முட்டைக் கணக்கைப் பற்றிக்கூட.

கண்காட்சிக்குப் பதாகை ஒன்று செய்தோம். நோட்டின் வரிகளை எங்கள் எழுத்துருவில் தட்டி, சிஸ்டரின் அசல் வரிகள்மீது மெல்லிய சிவப்பு நிறத்தில் பொருத்திக் காட்டுவது என்பது திட்டம். முட்டை வரி பொருந்தியது. மருந்து வரி பொருந்தியது. கடைசி வரியில் 'இருபது ஆண்டுகள்' அழகாகப் பொருந்தி, மூன்றாம் சொல் மட்டும் அசலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அளவைக் குறைத்துப் பார்த்தோம், இடைவெளியைச் சுருக்கிப் பார்த்தோம். சரியாக ஒரு குத்துக்கோட்டின் அகலம் எங்கள் சொல்லில் அதிகமாக இருந்தது. எழுத்துருவில்தான் பிழை என்று 'எம்' எழுத்தை மறுபடி அளந்தோம். பிழையில்லை. பிறகுதான் அசலில் கோடுகளை எண்ணினோம். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நான்கே இருந்தன.

நோட்டையே எடுத்து வந்து, உயிரியல் ஆய்வறையின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தோம். நான்கு கோடுகளின் கடைசி இரண்டுக்கு மேலே, தலைமுடியைவிட மெல்லியதாக, வெளிறிய மையில் ஒரு சிறு வளைவு இருந்தது. இவ்வெழுத்தில் 'யு'வும் 'என்'னும் ஒன்றுபோல் இருப்பதால், இது 'யு' என்று காட்டத் தலைமேல் ஒரு வளைவு போடுவார்கள். இது எங்களுக்குத் தெரிந்த விதிதான். ஆனால் எங்கள் படத்தில் வளைவு இல்லை. கறைகளோடு கறையாக, சிறு துணுக்கென்று நாங்களே அதைத் துடைத்திருந்தோம்.

எஃப், ஆர், இ, யு, டி, இ. ஃபிராய்டே. மகிழ்ச்சி.

உடனே ஓடினோம் என்று எழுதத்தான் ஆசை. ஓடவில்லை. கண்காட்சி வேலை இருக்கிறது, காலாண்டுத் தேர்வு வருகிறது என்று நான்கு நாட்கள் ஒருவரையொருவர் தள்ளிவிட்டுக் கொண்டிருந்தோம். தவறாகப் படித்தோம் என்பதைவிட, தவறு செய்தது எங்கள் கெட்டிக்காரத்தனம் என்பதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. செப்டம்பர் 17, புனித ஹில்டகார்டின் திருநாளன்று காலைத் திருப்பலி முடிந்ததும், இனி இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று நால்வருமாகப் போய் நின்றோம்.

"சிஸ்டர், நாங்க தப்பாச் சொல்லிட்டோம்" என்று ஒருத்தி தொடங்கினாள். மற்றதை எல்லோரும் சேர்ந்து குழப்பிச் சொன்னோம். எங்கள் எழுத்துருவில் 'இருபது ஆண்டுகள் மகிழ்ச்சி' என்று ஜெர்மனில் அச்சிட்ட தாளையும் கொடுத்தோம். சிஸ்டர் தாளைப் பார்க்கவில்லை. "நோட்டைக் கொடுங்க" என்றார்கள். மடியில் விரித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, முகத்தை அருகே கொண்டு போனார்கள். எங்களுள் ஒருத்தி பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டாள். விரல் நகத்தால் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினோம்.

"இதுவா?"

"அதுதான் சிஸ்டர்."

"இவ்வளவு சின்னதா?" என்றார்கள். திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துவிட்டது, நாங்கள் வகுப்புக்குப் போக வேண்டியதாயிற்று.

நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, ஜெர்மன் சிஸ்டரின் கல்லறையில் மெழுகுதிரியின் அடியில் எங்கள் தாள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டோம். மறுநாள் தாழ்வாரத்துச் சிஸ்டர் இன்னொரு பிரதி கேட்டார்கள், இந்த முறை பெரிய எழுத்தில்.

இரண்டு எழுத்துருக்களும் பள்ளிக் கணினி அறையில் இருக்கின்றன, வேண்டியவர்கள் பயன்படுத்தலாம். கையெழுத்து எழுத்துருவில் 'யு'வின் மேல் உள்ள வளைவை மட்டும் மற்றக் கோடுகளைவிடச் சற்றுத் தடிமனாக வரைந்து வைத்திருக்கிறோம். ஜெர்மன் சிஸ்டர் அப்படி எழுதவில்லைதான்.